4 கெல்வினுக்கு இறங்கும் குழாய்

மகேந்திரகிரி அடிவாரத்து இஸ்ரோ வளாகத்துக்கு 20 கெல்வின் என்பது பழகிய குளிர். செல்சியஸில் மைனஸ் 253. திரவ ஹைட்ரஜன் கொதிப்பது அந்த அளவில்தான். 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட்டின் மேல் அடுக்கை உந்திய உள்நாட்டு கிரையோஜெனிக் என்ஜின் சோதனைகளைக் கடந்தது திருநெல்வேலிச் சீமையில்தான். ஆனால் அந்தக் குளிர் டாங்கியில் இருந்து இறங்கிச் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும். இன்னும் 16 டிகிரி கீழே போய், 4 கெல்வினில் மாதக்கணக்காகக் குளிரை நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் வேறு ஏற்பாடு வேண்டும். திரவ ஹீலியத்தை வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஹீலியத்தை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது கட்டுப்படியாகாது. மற்ற வழி, கொஞ்சம் ஹீலியத்தை மூடிய சுற்றில் வைத்து, அதையே திரும்பத் திரும்ப அழுத்தியும் விரித்தும் குளிரை உண்டாக்கும் இயந்திரம்.

அந்த இயந்திரங்களில் ஒன்றுதான் பல்ஸ் டியூப் குளிர்விப்பான். குவாண்டம் கணினிச் சிப்புகளை ஒரு கெல்வினின் நூற்றில் ஒரு பங்குவரை குளிர்விக்கும் டைல்யூஷன் ரெப்ரிஜிரேட்டர்களில், அறை வெப்பத்திலிருந்து 4 கெல்வின் வரையிலான முதல் இறக்கம் பெரும்பாலும் இதன் வேலை. இதன் குளிர்ந்த பகுதியில் பிஸ்டன் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. அதனால் தேய்மானம் இல்லை, அதிர்வும் குறைவு. ஆனால் பிஸ்டனை எடுத்துவிட்டால் அதன் வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். இங்கே அதைச் செய்பவை இரண்டு: பாகங்களின் பொருத்தமும் வால்வுகளின் நேரமும். திருநெல்வேலிப் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் டர்னருக்கும், பிட்டருக்கும், ஆர்கான் வெல்டருக்கும் பழக்கமான வித்தைகள்தான் இவை. இந்த இயந்திரம் எந்த வரிசையில் உருவாகிறது, ஒவ்வொரு படியிலும் குளிர் எங்கே களவு போகிறது என்று பார்ப்போம்.

படி 1: கணக்கைப் போட்டுக்கொள்வது

4.2 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை உறிஞ்சி, 300 கெல்வினில், அதாவது 27 டிகிரி செல்சியஸில், வெளியே தள்ள வேண்டும். இயற்கை விதி அனுமதிக்கும் ஆகக்குறைந்த மின்சாரம், கார்னோ கணக்குப்படி, சுமார் 70 வாட். சந்தையில் கிடைக்கும் இரு நிலை இயந்திரம் ஒன்று 4.2 கெல்வினில் ஒரு வாட்டும், கூடவே 45 கெல்வினில் 40 வாட்டும் உறிஞ்சும். இரண்டையும் சேர்த்தாலும் விதி கேட்பது ஏறக்குறைய 300 வாட். அந்த இயந்திரம் இழுப்பதோ 7 முதல் 8 கிலோவாட். கார்னோ அளவில் நான்கு சதவீதம்தான் கைக்கு வருகிறது.

மீதி எங்கே போகிறது? குழாயின் மேல்தான் முதலில் பழி விழும். பிஸ்டன் உள்ள இயந்திரத்தில் விரியும் வாயு செய்யும் வேலை பிஸ்டன் வழியாகத் திரும்பக் கிடைக்கும். பல்ஸ் டியூப்பில் அது ஒரு சிறு துளையில் உரசி வெப்பமாகி வீணாகிறது. எந்தக் குறையும் இல்லாத குழாய்க்குக்கூட செயல்திறன், குளிர்முனை வெப்பநிலையைச் சூட்டுமுனை வெப்பநிலையால் வகுத்தால் வரும் எண்தான். 80 கெல்வினில் அது 0.267, கார்னோ தருவது 0.364. இது பெரிய இழப்பு. 4.2 கெல்வினுக்கு வந்தால் 0.0140க்கு எதிரே 0.0142. வித்தியாசம் இருந்த இடம் தெரியவில்லை. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் குழாய் நிரபராதி. கம்ப்ரசர், சுழல் வால்வு, வெப்பக் களஞ்சியமான ரீஜெனரேட்டர் ஆகிய மூன்றும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன. உழைப்பை அங்கே செலவிட வேண்டும்.

படி 2: கம்ப்ரசர்

ஏ.சி.க்கென்று செய்த ஸ்க்ரோல் கம்ப்ரசரையே மாற்றியமைத்து இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது ஹீலியத்தைச் சுமார் 8 பாரிலிருந்து 20 பாருக்கு மேல் அழுத்துகிறது. ஏ.சி. வாயுவைவிட ஹீலியம் அழுத்தும்போது மிக அதிகமாகச் சூடேறும். எனவே எண்ணெயை வாயுவோடு நிறையக் கலந்துவிட்டு, சூட்டை எண்ணெயின் தலையில் ஏற்றி, தண்ணீரால் ஆற்றுகிறார்கள். பிறகு அந்த எண்ணெயை ஒரு துளி மிச்சமில்லாமல் பிரிக்க வேண்டும். முதலில் பிரிப்பான், கடைசியில் கரி நிரப்பிய உறிஞ்சி. ஆவியாகத் தப்பிப் போகும் எண்ணெய் குளிர்முனையில் உறைந்து வழியை அடைத்துவிடும். உறிஞ்சியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம்.

நம் ஊரில் இன்னொரு கவனம் தேவை. கம்ப்ரசர் இழுக்கும் 8 கிலோவாட் அத்தனையும் கடைசியில் குளிர்நீரில்தான் வந்து சேரும். போர்வெல் தண்ணீரை நேராக விட்டால் உப்பு படிந்து வெப்பமாற்றி அடைபடும். மூடிய சுற்றில் நல்ல தண்ணீர், அதை ஆற்ற ஒரு சில்லர், சித்திரை வெயிலிலும் அந்தச் சில்லர் தாக்குப்பிடிக்கும் அளவு: இவற்றை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். சில்லர் தின்னும் மின்சாரமும் இயந்திரத்தின் கணக்கில்தான் சேரும்.

படி 3: சுழல் வால்வு

கம்ப்ரசர் ஒரே சீராக ஓடுகிறது. குழாய்க்கு வேண்டியதோ துடிப்பு. இடையில் சுழலும் வட்டு ஒன்று நொடிக்கு ஒன்றிரண்டு முறை குழாயை உயர் அழுத்தப் பக்கமும் தாழ் அழுத்தப் பக்கமும் மாற்றி மாற்றி இணைக்கிறது. மொத்த இயந்திரத்தில் கம்ப்ரசருக்கு வெளியே அசைவது இது மட்டுமே. வட்டின் முகமும் அது உட்காரும் முகமும் லேப்பிங் செய்து கண்ணாடிபோல் தட்டையாக இருக்க வேண்டும். கீறல் விழுந்தால் உயர் அழுத்த வாயு குளிர்முனையை எட்டிப்பார்க்காமலே திரும்பிவிடும்.

பிழையில்லாமல் செய்தாலும் இங்கே இழப்பு உண்டு. 8 பாரில் இருக்கும் இடத்துக்குள் 20 பார் வாயு பாயும்போது, அது செய்திருக்கக்கூடிய வேலை பாய்ச்சலிலேயே கரைந்துபோகிறது. செயற்கைக்கோள்களில் 50 முதல் 80 கெல்வின் வரை குளிர்விக்கும் சிறிய பல்ஸ் டியூப்களில் இந்த வால்வு இல்லை; பிஸ்டன் கம்ப்ரசரே நொடிக்கு 30 முதல் 60 முறை நேரடியாகத் துடிப்பைக் கொடுக்கும், திறனும் கூடும். ஆனால் அந்த வேகத்தில் 4 கெல்வினை எட்டுவது மிகக் கடினம். வெப்பத்தை வாங்கவும் கொடுக்கவும் ரீஜெனரேட்டருக்கு நேரம் போதாது. அதனால்தான் 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் பல்ஸ் டியூப் 18 கெல்வின் அளவோடு நின்றுகொள்கிறது. அங்கிருந்து 6 கெல்வினுக்கு இறக்க ஜூல்–தாம்சன் என்ற வேறொரு சுற்று இருக்கிறது.

படி 4: ரீஜெனரேட்டர்

உள்ளே வரும் சூடான வாயுவின் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வெளியேறும் குளிர்ந்த வாயுவிடம் திருப்பிக் கொடுக்கும் களஞ்சியம் இது. கொடுக்கல் வாங்கலில் நூற்றில் ஒரு பங்கு தவறினாலும் 4 கெல்வின் கனவாகிவிடும். வந்து போகும் வெப்பம் குளிர்முனையில் கிடைக்கும் ஒரு வாட்டைப்போல் பல மடங்கு.

முதல் நிலையில், 300 கெல்வினிலிருந்து 45 வரை, நுண்ணிய கம்பி வலையை வட்டம் வட்டமாக வெட்டி அடுக்குகிறார்கள். எஃகு வலை அல்லது பாஸ்பர் வெண்கல வலை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடையில் பாயின் நேர்த்தியை இழை எண்ணிக்கையில் சொல்வார்கள், வலைக்கும் அப்படித்தான். ஓர் அங்குலத்துக்கு 200 கண் உள்ள வலை என்றால் ஒரு வட்டின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 15 சென்டிமீட்டர் அடுக்கு எழுப்ப ஆயிரத்துக்கும் மேல் வட்டுகள் வேண்டும். டையில் பஞ்ச் அடித்து வெட்டியதும் பிசிறு நீக்கி, அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் இறக்க வேண்டும். வட்டின் விட்டம் குழாயின் உள்விட்டத்தைவிட ஒரு மயிரிழை அதிகமாக இருப்பது நல்லது. சுவரோரம் இடுக்கு விட்டால் வாயு வலையைத் தொடாமல் ஓரமாக நழுவிவிடும். அந்த ஒரு தவறே பல கெல்வின்களைச் சாப்பிட்டுவிடும்.

இரண்டாம் நிலையில்தான் உண்மையான சிக்கல். வெப்பநிலை இறங்க இறங்க எஃகும் செம்பும் வெப்பத்தைத் தாங்கும் சக்தியை இழக்கின்றன. 10 கெல்வினுக்குக் கீழே ஏறக்குறைய வெறும் கூடு. அதே இடத்தில், அழுத்தத்தில் உள்ள ஹீலியத்தின் வெப்பக் கொள்ளளவோ உச்சத்துக்கு ஏறுகிறது. ஈயக் குண்டுகள் 15 கெல்வின் பக்கம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே, இப்படி ரீஜெனரேட்டரை நம்பிய குளிர்விப்பான்கள் நீண்ட காலம் திணறின. தீர்வு காந்தவியலிலிருந்து வந்தது. எர்பியம்–நிக்கல், ஹோல்மியம்–செம்பு போன்ற அருமண் கலவைகளில் 10 கெல்வினை ஒட்டியும் அதற்குக் கீழும் காந்த ஒழுங்கு மாறுகிறது. அந்த மாற்றம் வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. 1990ஐ ஒட்டி ஜப்பானிய ஆய்வாளர்கள் எர்பியம்–நிக்கல் குண்டுகளை நிரப்பி 4 கெல்வினை எட்டிக் காட்டினார்கள்.

குண்டுகள் பத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டம். வெப்பமான பக்கம் ஈயம், நடுவில் ஒரு கலவை, குளிர்முனையில் மற்றொன்று என்று அடுக்கி, இடையிடையே நுண்வலை வைத்துப் பிரிக்கிறார்கள். தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்ப வேண்டும். இந்தக் கலவைகள் எளிதில் நொறுங்கும். தளர்வாக விட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் உரசித் தூளாகி வழியை அடைக்கும்.

படி 5: பல்ஸ் டியூப்

பெயருக்குரிய பாகம்தான் இருப்பதிலேயே எளிமையானது: அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சுவருள்ள எஃகுக் குழாய், இரு முனைகளிலும் செம்பு வெப்பமாற்றி. எஃகு ஏன்? அதன் வழியாக வெப்பம் இறங்குவது குறைவு. சுவர் மெலிதாக இருந்தால் இன்னும் குறைவு. ஆனால் 20 பார் அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். உட்புறம் ஹோனிங் செய்து வழுவழுப்பாக்கி, செம்பு முனைகளை வெற்றிட உலையில் பிரேசிங் செய்கிறார்கள்.

உள்ளே நடப்பது இது. வால்வு உயர் அழுத்தத்தைத் திறந்ததும், ரீஜெனரேட்டரில் குளிர்ந்த வாயு கீழ்முனை வழியாக நுழைந்து, குழாயில் ஏற்கெனவே இருக்கும் வாயுவை அழுத்துகிறது. மேலே உள்ள வாயு சூடேறி, சூட்டுமுனையில் வெப்பத்தை விட்டுவிட்டு, சிறு துளை வழியாக ஒரு சேமக்கலத்துக்குள் போகிறது. வால்வு தாழ் அழுத்தத்துக்கு மாறியதும் குழாய் வாயு விரிந்து குளிர்கிறது. அதே நேரம் சேமக்கலத்தில் இருந்தது மெல்லத் திரும்பி வந்து, குளிர்ந்த வாயுவைக் கீழ்முனை வழியாக வெளியே தள்ளுகிறது. போகும் வழியில் அது குளிர்முனையிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நடுவில் இருக்கும் வாயு குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை. மேலும் கீழும் ஆடும் அதுதான் இங்கே பிஸ்டன்.

அந்த வாயுப் பிஸ்டன் கலங்கக் கூடாது. அதற்காக இரு முனைகளிலும் செம்பு வலை வைத்து, பீய்ச்சிக்கொண்டு வரும் வாயுவைச் சீராகப் பரத்துகிறார்கள். நொடிக்கு ஒன்றிரண்டு துடிப்பில் ஓடும் இந்தக் குழாயைச் சூட்டுமுனை மேலே, குளிர்முனை கீழே என்று செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும். சாய்த்தால் கனத்த குளிர் வாயு கீழிறங்கி, சூடு அதன் இடத்துக்கு வந்துவிடும்.

படி 6: சூட்டுமுனையின் மூன்று பாகங்கள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கிப்போர்டும் லாங்ஸ்வொர்த்தும் முதல் பல்ஸ் டியூப்பைச் செய்தபோது துளையும் இல்லை, சேமக்கலமும் இல்லை. வெறும் அடைத்த குழாய். அது 120 கெல்வினுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. 1984இல் மாஸ்கோவில் மிக்கூலின் துளையையும் சேமக்கலத்தையும் சேர்த்து 105 கெல்வினுக்குப் போனார். அமெரிக்காவில் ரேடபா குழுவினர் அதே யோசனையை மெருகேற்றி 60 கெல்வினைத் தொட்டார்கள். 1990இல் சீனாவின் ஷியான் நகரத்து ஆய்வாளர்கள் இன்னொரு குறுக்குவழியைத் திறந்தார்கள்: வால்விலிருந்து வரும் வாயுவில் கொஞ்சத்தை ரீஜெனரேட்டருக்குப் போகவிடாமல் நேராகச் சூட்டுமுனைக்கு அனுப்புவது. அழுத்தத்தை ஏற்றி இறக்க மட்டுமே தேவைப்படும் வாயு ரீஜெனரேட்டர் வழியாக வீணாக நடக்க வேண்டியதில்லை. களஞ்சியத்தின் சுமை குறைந்தது. 1994இல் ஜப்பானில் மட்சுபராவும் காவோவும் மூன்று நிலைகள் அடுக்கி 3.6 கெல்வினைத் தொட்டார்கள்.

எனவே சூட்டுமுனையில் வேண்டியவை மூன்று: துளைக்கான ஊசி வால்வு, சேமக்கலம், குறுக்குவழிக்கான இன்னோர் ஊசி வால்வு. குறுக்குவழிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. துடிப்பின் இரு பாதியிலும் வாயு சரிசமமாகப் போய் வராவிட்டால் ஒரு மெல்லிய நீரோட்டம்போல் ஒரே திசையில் சுற்றத் தொடங்கிவிடும். அது சூட்டைக் குளிர்முனைக்குச் சுமந்து போகும். இதைக் கண்டுபிடிக்கக் குழாய்ச் சுவரின் நடுவிலும் ஒரு வெப்பமானியை ஒட்டி வைப்பது வழக்கம்.

படி 7: போர்வை

அறை வெப்பத்தில் உள்ள ஒரு சதுர மீட்டர் கறுத்த பரப்பு 460 வாட் வெப்பக் கதிரை வீசுகிறது. ஒரு வாட் திறனுள்ள குளிர்முனையை அதன் எதிரே வைக்க முடியாது. முதல் நிலையோடு ஒரு செம்பு அல்லது அலுமினியக் கூண்டைப் பொருத்தி, 45 கெல்வினுக்குக் குளிர்வித்து, இரண்டாம் நிலையை அதற்குள் அடக்குகிறார்கள். வெப்பக் கதிர் வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறுவதால், 45 கெல்வின் கூண்டு வீசுவது சதுர மீட்டருக்கு கால் வாட்டுக்கும் குறைவு. ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கூண்டுக்கு வெளியே அலுமினியம் பூசிய மெல்லிய தாள்கள் முப்பது அடுக்குப் போலச் சுற்றி, எல்லாவற்றையும் வெற்றிடக் கலத்துக்குள் வைக்கிறார்கள்.

வெப்பமானிக் கம்பிகளும் திருடர்களே. செம்புக் கம்பியை நேராக 4 கெல்வினுக்கு இழுக்கக் கூடாது. மெலிந்த பாஸ்பர் வெண்கலக் கம்பியை முதல் நிலையில் சில சுற்றுச் சுற்றி ஒட்டி, அதன் சூட்டை அங்கேயே கழற்றிவிட்டுக் கீழே அனுப்ப வேண்டும்.

படி 8: கசிவு பார்த்து, ஹீலியம் நிரப்புதல்

ஆர்கான் வெல்டிங் முடிந்த ஒவ்வோர் இணைப்பையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கசிவுமானியால் சோதிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர்ச் சோதனை இங்கே போதாது. குமிழியே தெரியாத கசிவும் ஒரு மாதத்தில் வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். குளிர்ந்த பிறகு மட்டுமே திறக்கும் கசிவுகளும் உண்டு. எனவே இணைப்பைத் திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்து மறுபடி சோதிப்பார்கள்.

அடுத்தது சுத்தம். உள்ளே காற்றோ ஈரமோ தங்கினால் உறைந்து அடைக்கும். பம்ப் வைத்து வெற்றிடமாக்கி, 99.999 சதவீதத் தூய ஹீலியத்தை விட்டு, மறுபடி இழுத்து, மறுபடி விட்டு, இப்படிப் பலமுறை கழுவிய பிறகே கடைசி நிரப்பல்.  

படி 9: இறக்குதல்

வெற்றிடம் சரியானதும் கம்ப்ரசரை ஓட்டலாம். வெறும் குளிர்தலை (குழாயும் ரீஜெனரேட்டரும் சேர்ந்த பகுதி) என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 4 கெல்வினுக்கு வந்துவிடும். கிலோ கணக்கில் செம்பைத் தொங்கவிட்டால் நாள்கணக்கில் ஆகும். இந்தக் காத்திருப்பில்தான் அண்மையில் பெரிய சேமிப்பு கிடைத்தது. இயந்திரங்களை எப்போதும் கடைசி 4 கெல்வினுக்காகவே சரிசெய்து வைப்பார்கள். ஆனால் அறை வெப்பத்தில் இருக்கும் குழாய் கம்ப்ரசர் தரும் வாயுவை முழுக்க ஏற்காது; உபரி வாயு ரிலீப் வால்வு வழியாக வீணே சுற்றித் திரும்பும். அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் ரயன் ஸ்னாட்கிராஸ் குழுவினர் 2024இல் காட்டிய வழி எளியது: தொடக்கத்தில் ஊசி வால்வை அகலத் திறந்து வை, குளிரக் குளிரக் கொஞ்சம் கொஞ்சமாக மூடு. இறங்கும் நேரம் 1.7 முதல் 3.5 மடங்கு வரை சுருங்கியது. புதுக் கலவை எதுவும் இல்லை, புதுக் கம்ப்ரசரும் இல்லை.

படி 10: அளந்து திருத்துதல்

எவ்வளவு தாழ்ந்தது என்பது பாதிப் பதில்தான். குளிர்முனையில் சிறிய மின்சூடாக்கி வைத்து, அரை வாட், ஒரு வாட் என்று வெப்பத்தை ஏற்றி, எந்த வெப்பநிலையில் நிலைக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நிலைக்கும் அதே சோதனை. பிறகு துளை, குறுக்குவழி, வால்வு வேகம், நிரப்பிய அழுத்தம் என்ற நான்கில் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ஊசி வால்வில் அரைச் சுற்றுகூட ஒரு கெல்வினைக் கூட்டும் அல்லது குறைக்கும். இரண்டை ஒரே நேரத்தில் திருப்பினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

எவ்வளவு திருத்தினாலும் ஒரு தரை உண்டு. சாதாரண ஹீலியம் 2 கெல்வினை நெருங்கும்போது விரிந்து குளிரும் குணத்தை இழக்கிறது. அதைத் தாண்ட வேண்டுமானால் அரிதான ஹீலியம்–3 வேண்டும். ஜெர்மனியின் கீசன் நகரத்து ஆய்வாளர்கள் 2004இல் அதைக்கொண்டு 1.3 கெல்வின் வரை போனார்கள். நம் நாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கிரையோஜெனிக் மையம் 3 கெல்வின் அளவுக்கு இறங்கும் இரு நிலை பல்ஸ் டியூப்பைச் செய்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 6,003.65 கோடி ரூபாய் தேசிய குவாண்டம் இயக்கத்தால் இப்படிப்பட்ட குளிர்தலைகளின் தேவை இன்னும் கூடும்.

பேட்டையில் இதைத் தொடங்குவதென்றால் 4 கெல்வினில் தொடங்கக் கூடாது. ஒற்றை நிலை, வலை வட்டு மட்டும், இலக்கு 80 கெல்வின்: இதற்கு அருமண் குண்டு தேவையில்லை. குழாய், வலை அடுக்கு, சுழல் வால்வு, ஊசி வால்வு, சேமக்கலம் எல்லாம் நல்ல லேத் பட்டறையில் செய்யக்கூடியவை. கம்ப்ரசரும் கசிவுமானியும் மட்டும் வாங்கவோ இரவல் பெறவோ வேண்டியிருக்கும். கணக்குப் பக்கத்துக்கு ஐ.ஐ.டி. பம்பாய்ப் பேராசிரியர் மிலிந்த் அட்ரேயின் கிரையோஜெனிக் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 80 கெல்வினில் சுவரோர இடுக்கையும் வால்வுக் கசிவையும் கண்டுபிடித்து அடைக்கத் தெரிந்த பட்டறைக்கு, அடுத்த நிலையைச் சேர்ப்பது குண்டுகளை வாங்கும் செலவுக் கணக்காக மாறிவிடும்.